மூளை போடும் புது ஒயரிங்

ஒரு ஃபீடர் போச்சுன்னா பக்கத்து ஃபீடரிலிருந்து சப்ளை எடுக்கிறோம் அல்லவா? பக்கவாதம் வந்த மூளையும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. ரத்தம் கிடைக்காமல் இறந்த நரம்புச் செல்கள் பிழைக்காது. ஆனால் அக்கம்பக்கத்துச் செல்கள் புது இணைப்புகள் போட்டு, அவற்றின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். சும்மா இருந்தால் கற்காது. திரும்பத் திரும்பச் செய்யணும்.

2006-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 222 நோயாளிகள். எல்லோருக்கும் விரல் ஓரளவு அசையும். ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, இரண்டு வாரம் பலவீனமான கைக்கே வேலை கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகும் அவர்களுடைய கை மற்றவர்களுடையதைவிட நன்றாக இயங்கியது.

என்னைப்போல் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்களே, இதை நாமதான் வீட்டில் சொல்லணும். டாக்டர் சொன்ன பயிற்சியை விடக்கூடாது. பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிட வேண்டாம். தாத்தாவே டம்ளரைத் தூக்கட்டும். சிந்தினால் துடைச்சுக்கலாம்!