வெஞ்சனம்

சாத்தூர் பக்கத்துக் கரிசலில் தை பிறந்தால் கம்பும் சோளமும் வீடு வந்து சேரும், குலுக்கை நிறையும். கோடையில் அது தரைதட்டும்போது கம்மங்கஞ்சியில் தண்ணீர் கூடும். மானாவாரி மண் அது; மழை பொய்த்தால் கஞ்சியில் தண்ணீர் மட்டுமே மிஞ்சும். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். பசி அன்று நேரே வந்து கொன்றது.

இன்று அப்படி இல்லை. ரேஷன் அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. விருதுநகரில் பிறந்த காமராஜர் தொடங்கிய மதிய உணவோடு, 2022 முதல் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துகொண்டது. உலையில் போட அரிசி இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தாது வருஷக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் சோற்றுக்கு வெஞ்சனம் வேண்டும். பருப்பு, முட்டை, காய் எல்லாம் ரொக்கத்துக்குத்தான் வரும். குறைந்தால் கடைசியில் உண்பவள் தட்டில்தான் குறையும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்கள் நூற்றில் 53 பேருக்கு இரத்தசோகை. காடு தராத ரொக்கத்தைத் தருவது பட்டாசு ஆபீஸ் என்று இங்கே சொல்லப்படும் ஆலை. எண்ணிக்கைக்குக் கூலி, ஆகவே கை விரைகிறது. வெடிமருந்துக்கோ ஓர் உராய்வு போதும்.

தட்டில் குறைவதும் உயிர் போவதும் தொடர்புள்ளவை என்று காட்டும் ஆய்வு ஒன்று உண்டு; கனடாவில் ஐந்து லட்சம் பேரை ஆராய்ந்து 2020இல் வெளியானது. உரிய காலத்துக்கு முன்பே இறந்தவர்களில், உணவுக்குக் குறைவில்லாதவர்கள் சராசரியாக 68.9 வயதிலும், கடும் உணவுத் தட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 59.5 வயதிலும் இறந்திருந்தார்கள். தொற்றுநோயாலும் எதிர்பாராத காயங்களாலும், கடும் தட்டுப்பாட்டில் இருந்தவர்கள் குறைவில்லாதவர்களைவிட இரு மடங்குக்கு மேல் மடிந்தார்கள். பசியையும் காயத்தையும் அங்கே ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தார்கள். இங்கே அரிசி ஒரு துறையின் கணக்கு, வெடிவிபத்து வேறொரு துறையின் கணக்கு. இரண்டும் ஒரே வீட்டுக் கணக்கு என்றே நான் நினைக்கிறேன்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணியும் ஒரு கல்லூரி மாணவியும் இருந்தார்கள். அன்று தை மாதம் இன்னும் முடிந்திருக்கவில்லை.