குற்றவியல் படித்தால் எஸ்.ஐ. வேலையா?

“பையன் எம்.ஏ. குற்றவியல் சேர்ந்துட்டான். இனி எஸ்.ஐ.தான்!”

பெற்றோர் பலரின் நினைப்பு இது. உண்மை வேறு!

சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்குத் தனித் துறையே உண்டு. ஆனால் எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல்... குற்றவியல் படித்தாலும் விலக்கில்லை!

அரசு வக்கீலாக சட்டப் படிப்பு வேண்டும். தடய அறிவியல் கூடத்தில் வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டம் கேட்பார்கள்.

7 ஆண்டோ, அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடய நிபுணர் போக வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1-ல் அமலான புதுச் சட்டம். அங்கேயும் ஆள் தேவை.

அப்போ குற்றவியல் வீணா?

இல்லை! ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவர்களைக் கண்காணிப்பது, தவறிய சிறுவர்களைத் திருத்துவது போன்ற பணிகளுக்கு இந்தப் படிப்பு கைகொடுக்கும்.

பீஸ் கட்டும் முன், எந்த வேலைக்கு எந்தப் பட்டம் என்று விசாரிச்சுடுங்க!