பொருத்துவாயும் வாயிலோனும்

பம்மலில் உள்ள ஒரு பள்ளியின் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் மடிக்கணினியையும் புரொஜெக்டரையும் ஒரு வடத்தால் இணைக்கின்றார். சிறிது நேரத்தில் சுவரிலே படம் தோன்றுகிறது. வடம் செருகப்பட்டதைக் கணினி எவ்வாறு அறிந்தது?

கணினிக்குக் கண் இல்லை. அதன் பொருத்துவாய்களைக் காக்கும் வாயிலோன், இயக்கி என்னும் மென்பொருளாகும். லினக்ஸின் காட்சி இயக்கி ஒவ்வொரு பொருத்துவாய்க்கும் தனிப்பதிவு ஒன்று வைத்திருக்கும். வகை, வரிசை எண், நிலை ஆகியவை அதில் அடங்கும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் லினக்ஸின்மேல் அமைந்ததே.

எச்.டி.எம்.ஐ. பொருத்துவாயில் 19 முனைகள் உள. திரை இணைந்ததும் 19ஆம் முனையில் மின்னழுத்தம் உயர்ந்து அதனை அறிவிக்கும். உடனே இயக்கி, திரை ஏற்கும் பட அளவுகளை அத்திரையினிடமே கேட்டறியும். 15 முனைகளையுடைய பழைய வி.ஜி.ஏ. வாயிலோ அத்தகைய அறிவிப்பு முனை இல்லை. ஆதலின் இயக்கியே இடையிடையே சென்று பார்த்தல் வேண்டும். காதொலிப்பானைச் செருகியவுடன் ஒலிபெருக்கி அடங்குவதும் இத்தகைய கண்காணிப்பினாலேயே ஆகும்.

பதிவில் எழுதத்தக்க நிலைகள் மூன்று: இணைந்தது, இணையாதது, தெரியாதது. மூன்றாவது எதற்கு? இல்லாத திரையை உண்டென எழுதினால், நாம் திறக்கும் சாளரம் அக்காணாத் திரைக்குச் சென்று மறையக்கூடும். உள்ள திரையை இல்லையென எழுதினால், நல்ல வடமிருந்தும் சுவர் இருண்டே கிடக்கும். பிற நிரல்கள் பொருத்துவாயைக் காண்பதில்லை, பதிவையே நம்புகின்றன. ஆதலின், அறிந்ததை உள்ளவாறு உரைத்தலும், அறியாததை அறியேன் எனலும் நல்ல வாயிலோனுக்கு உரிய கடமைகளாம்.