கொழுப்பில் கட்டிய பட்டறை

டெங்கு வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 50 நானோமீட்டர். அதன் ஆர்.என்.ஏ.வில் 10 புரதங்களுக்கான குறிப்புதான் இருக்கிறது. கொழுப்பைத் தயாரிக்கும் நொதி அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் கொழுப்புப் படலம் போர்த்திக்கொண்டுதான் அது செல்லை விட்டு வெளியேறுகிறது. அந்தப் படலம் முழுக்க நம் செல்லுடையது.

செல்லின் உட்கருவைச் சுற்றி எண்டோபிளாச வலை என்ற சவ்வு மடிப்பு மடிப்பாகப் படர்ந்திருக்கிறது. வைரஸ் இங்கேதான் வேலையைத் தொடங்குகிறது. என்.எஸ்.4ஏ போன்ற அதன் புரதங்கள் சவ்வில் பதிந்து அதை வளைக்க, சவ்வு உள்நோக்கிக் குழிந்து சுமார் 90 நானோமீட்டர் அகலப் பைகளாகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் தொற்று கண்ட செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பல கோணங்களில் படமெடுத்து, 2009இல் இந்தப் பைகளை முப்பரிமாணத்தில் காட்டினார்கள். பைகளுக்குச் சுமார் 11 நானோமீட்டரில் ஒரு குறுகிய வாய். புதிய ஆர்.என்.ஏ. வெளியே வர அதுவே போதும். அந்த வாய்க்கு எதிர்ப்புறத்திலேயே புது வைரஸ்கள் மொட்டுவிடுவதும் படங்களில் தெரிந்தது. இத்தனை சிறிய இடத்தில் இவ்வளவு ஒழுங்கா என்று வியக்காமல் இருக்க முடியாது.

நகலெடுக்க வைரஸ் பைக்குள் ஏன் ஒளிய வேண்டும்? நகலெடுக்கும்போது ஆர்.என்.ஏ. இரட்டை இழையாகிறது. செல்லின் காவல் புரதங்கள் அதைக் கண்டுகொண்டால் வைரஸை எதிர்க்கும் இன்டர்பெரான் சுரந்துவிடும்.

சவ்வை விரிக்கக் கொழுப்பு வேண்டும். கொழுப்பு அமிலம் தயாரிக்கும் செல்லின் நொதியை வைரஸின் என்.எஸ்.3 புரதம் பைகள் இருக்கும் இடத்துக்கே இழுத்துவந்து வேகப்படுத்துகிறது. சிகாகோ ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கண்டறிந்தார்கள். செல் சேமித்து வைத்த கொழுப்புத் துளிகளும் தப்புவதில்லை. செல் தன் பழைய பாகங்களைச் செரிக்கும் ஏற்பாட்டையே தூண்டிவிட்டு, அந்தத் துளிகளை வைரஸ் கரைக்கிறது. கிடைக்கும் கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்து ஆற்றலாகின்றன. ஒருபுறம் உற்பத்தி, மறுபுறம் எரிப்பு. இரண்டும் ஒரே செல்லில்.

கொரோனா வைரஸும் இதே எண்டோபிளாச வலையைத்தான் பிடிக்கிறது. அது கட்டுவது இரட்டைச் சவ்வுப் பைகள்.

கொசுவுக்குள்ளும் டெங்குவுக்குக் கொழுப்புத் தேவை. பூச்சிகளால் கொலஸ்ட்ராலைத் தாமாகத் தயாரிக்க முடியாது. உணவில் வந்தால்தான் உண்டு. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவாலும் முடியாது. ஆகவே ஏடிஸ் எஜிப்டி கொசுவின் செல்லில் அதைக் குடியேற்றினால் கொலஸ்ட்ராலுக்குப் போட்டி வருகிறது. அங்கே டெங்கு பெருகாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் வோல்பாக்கியா ஏந்திய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறது.