கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எழுப்புவது எப்படி?

(இரண்டாமாண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை)

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்க்கும் பொருளாக இருந்ததாம். நம் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று அது வீட்டில் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்யாண போட்டோ, பள்ளிச் சான்றிதழ்களின் ஸ்கேன், நாம் ராப்பகலாகச் செய்த பிராஜக்ட் எல்லாம் அதற்குள்தான். அது ஒருநாள் திடீரென்று படுத்துவிட்டால்? அதை எழுப்புவதற்கு எந்த பேக்கப் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

கெட்டது எது?

"கம்ப்யூட்டர் போச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் போவதில் பல வகை உண்டு.

முதலாவது, விண்டோஸ் மட்டும் கெடுவது. டிஸ்க் நன்றாக இருக்கும், ஃபைல்களும் அப்படியே இருக்கும், ஆனால் பூட் ஆகாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன அல்லவா? அது இந்த வகை.

இரண்டாவது, டிஸ்கே சாவது. பழைய ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டு முன்கூட்டியே எச்சரிப்பதுண்டு. எஸ்.எஸ்.டி. பல நேரங்களில் எந்த அறிகுறியும் காட்டாமல் போய்விடும்.

மூன்றாவது, வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. 2017 மே மாதம் வந்த வானாகிரை இதற்கு உதாரணம்.

இந்த மூன்றிலிருந்தும் மீட்கக்கூடிய சாஃப்ட்வேரைத்தான் நாம் தேட வேண்டும்.

திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும்

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சென்ற ஆண்டு எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். அவர் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். அவருடைய பழைய கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கடையில் டிஸ்க் முழுவதையும் பார்மட் பண்ணி, புதிதாக விண்டோஸ் போட்டு, "சரியாயிடுச்சு" என்று கொடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது மெஷின் ஜம்மென்று ஓடியது. ஆனால் மூன்று வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர் அளவுகளும் டிசைன் படங்களும் இல்லை. "பாப்பா, இதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சு?" என்று அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தெரிந்த ரெக்கவரி சாஃப்ட்வேரை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். வந்தவை பாதி ஃபைல்கள்தான், அவற்றிலும் பல திறக்கவில்லை.

விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம். டிஸ்கைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்த அளவுகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே, பேக்கப் பற்றி யோசிக்கும்போது முதலில் ஒரு தாளில் "திரும்பக் கிடைக்காதவை எவை?" என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டு வகை பேக்கப்

ஃபைல் பேக்கப் என்பது வீட்டிலிருந்து நகைப்பெட்டியையும் பத்திரங்களையும் மட்டும் எடுத்து வேறிடத்தில் வைப்பது போன்றது. போட்டோ, டாக்குமெண்ட் போன்றவை மட்டும் நகலாகும். சீக்கிரம் முடியும், இடமும் குறைவு. ஆனால் கம்ப்யூட்டர் விழுந்தால் இது மட்டும் அதைப் பூட் செய்யாது. விண்டோஸ், பிரிண்டர் டிரைவர், டேலி, ஆட்டோகேட் என்று ஒவ்வொன்றாக மறுபடி போட வேண்டும்.

இமேஜ் பேக்கப் என்பது வீட்டையே அப்படியே அச்செடுத்து வைப்பது. பூட் ஆக வேண்டிய மறைவான பகுதி, விண்டோஸ், புரோகிராம்கள், ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுப்பாகும். புது டிஸ்கில் அதை இறக்கினால், இமேஜ் எடுத்த அன்று கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ அப்படியே எழுந்து உட்காரும்.

தினமும் முழு இமேஜ் எடுக்க இடம் போதாது. இதற்குப் பால் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதி முழுக் கணக்கு, பிறகு அன்றன்றைக்கு மாறியது மட்டும். இதுதான் இன்கிரிமெண்டல். இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒரு பக்கம் கிழிந்தால் அதற்குப் பிறகு வரும் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு முறையும் முதல் தேதியிலிருந்து மாறியது எல்லாவற்றையும் எழுதினால் அது டிஃபரென்ஷியல். இடம் கூடுதல், ஆனால் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருந்தால் போதும்.

தேர்ந்தெடுக்குமுன் ஐந்து கேள்விகள்

விளம்பரத்தில் பேக்கப் எவ்வளவு வேகம் என்றுதான் போடுவார்கள். நாம் பார்க்க வேண்டியது மீட்கும் வழி.

1. விண்டோஸே எழாதபோது பென் டிரைவிலிருந்து பூட் ஆகி மீட்குமா? இது இல்லையென்றால் அடுத்த கேள்விகளுக்கே அவசியமில்லை.
2. முழு இமேஜிலிருந்து ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுக்க முடியுமா?
3. அளவு மாறிய வேறு டிஸ்கில் இறக்க முடியுமா?
4. எடுத்த பேக்கப் நன்றாக இருக்கிறதா என்று தானே சரிபார்க்குமா?
5. நாளை அந்த கம்பெனி இலவசப் பதிப்பை நிறுத்தினால் என்ன செய்வோம்?

ஐந்தாவது கேள்வி வெறும் பயமல்ல. கோஸ்ட் என்ற சாஃப்ட்வேர் நியூசிலாந்தில் பிறந்தது. 1998-ல் சைமாண்டெக் அதை வாங்கி, நார்ட்டன் கோஸ்ட் என்று உலகமெங்கும் விற்று, 2013-ல் நிறுத்திவிட்டது. பலர் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கும் 2024 தொடக்கத்தோடு ஆதரவு முடிந்தது.

இனி இலவசமாகக் கிடைப்பவற்றைப் பார்ப்போம்.

குளோன்ஜில்லா: தைவானில் உருவாக்கப்பட்ட திறந்தநிலை மென்பொருள். பென் டிரைவிலிருந்தே ஓடும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் இமேஜ் எடுக்கும். ஆனால் இன்கிரிமெண்டல் கிடையாது. இறக்கும் டிஸ்க் பொதுவாக பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். திரை முழுக்க எழுத்துதான், மவுஸுக்கு வேலையில்லை.

ரெஸ்க்யூஜில்லா: குளோன்ஜில்லா எடுத்த இமேஜையே படிக்கும். மவுஸால் கிளிக் செய்யலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

வீம் ஏஜெண்ட், இலவசப் பதிப்பு: விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும். இன்கிரிமெண்டல் உண்டு, தனி ஃபைலையும் எடுக்கலாம், மீட்பு பென் டிரைவும் செய்து தரும். மறதிக்காரர்களுக்கு ஏற்றது, நேரம் குறித்துவிட்டால் தானே எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸில் உள்ளவை: ஃபைல் ஹிஸ்டரி 2012-லிருந்து இருக்கிறது. ஃபைல்களுக்கு நல்லது, பூட் செய்ய உதவாது. கண்ட்ரோல் பேனலில் உள்ள சிஸ்டம் இமேஜ் வசதியை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. ரீஸ்டோர் பாயிண்ட் பேக்கப்பே அல்ல, அது உங்கள் போட்டோக்களைக் காப்பாற்றாது.

ஆகவே சாஃப்ட்வேருக்குக் காசு செலவு செய்யத் தேவையில்லை. அந்தக் காசை ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்குக்குக் கொடுங்கள். பேக்கப் முடிந்ததும் அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று 3-2-1 விதி ஒன்று உண்டு. நமக்கு அந்த 'வேறு இடம்' 15 ஜிபி இலவசம் தரும் கூகுள் டிரைவாகவும் இருக்கலாம், மாமா வீடாகவும் இருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டரோடு தானாகச் சேர்ந்து மாறும் ஃபோல்டரை மட்டும் நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

எடுத்துப் பார்த்தீர்களா?

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாரானபோது ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் இருந்தது, ஆனால் அது சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தை காரணமாக வீட்டிலிருந்து வேலை செய்துவந்த கேலின் சஸ்மன் என்ற அதிகாரியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் காப்பாற்றியது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் அழிந்தபோது, ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகலை வைத்துத்தான் எழுந்தார்கள். அவ்வளவு பெரிய இடங்களுக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

ஆகவே பேக்கப் எடுத்த அன்றே ஒரு போட்டோவை அதிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். மீட்பு பென் டிரைவைப் போட்டு பூட் ஆகிறதா, எக்ஸ்டர்னல் டிஸ்க் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பழைய டிஸ்க் ஒன்றில் முழுவதையும் இறக்கிப் பாருங்கள்.

விழுந்த அன்று செய்ய வேண்டியவை

• சத்தம் போடும் டிஸ்கைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீர்கள். அதில் எதையும் புதிதாக எழுதவும் வேண்டாம்.
• டிஸ்க் நல்லபடி இருந்து விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால், லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அதை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.
• இமேஜை இறக்கும்போது எது மூலம், எது இலக்கு என்று டிஸ்கின் அளவையும் பெயரையும் பார்த்து இருமுறை உறுதி செய்யுங்கள். மாற்றிக் கொடுத்தால் நல்ல டிஸ்கும் காலி. தேவையற்ற டிஸ்குகளைக் கழற்றிவிடுவது உத்தமம்.
• கடையில் கொடுப்பதானால், "ஃபைல்களை எடுத்த பிறகுதான் பார்மட்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் இதைச் சொல்லித் தர வேறு ஆள் கிடையாது. நாம் லேப்பில் படிப்பது தேர்வில் மார்க் வாங்க மட்டும்தானா? எதிர்வீட்டு அக்கா மறுபடி ஒவ்வொரு வாடிக்கையாளராக அளவெடுத்து வருகிறார். இப்போது மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் டிஸ்கைச் சொருகிவிட்டு, அது முடியும் வரை அவர் போடும் டீயைக் குடித்துக்கொண்டிருப்பது என் வேலை. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு கட்டாயம் இருக்கும். வருகிற விடுமுறையில் ஒரு பென் டிரைவோடு போய்க் கதவைத் தட்டுங்கள்.