காப்புறுதியற்ற வாகனம் மோதினால்?

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயினும் அது மோட்டார் சைக்கிள் ஓட்டுநரால் பாதிக்கப்படும் ஏனையோருக்கே உரியது, அவருக்கன்று. ஆமர் வீதியில் காப்புறுதியற்ற லொறியொன்று அவரை மோதினால், வழக்கில் வென்றாலும் சாரதியிடம் பணமிராது.

இந்தியாவில், மோதிவிட்டுத் தப்பியோடும் வாகனத்தால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 2 இலட்சம் இந்திய ரூபா வழங்கப்படுகின்றது. அது எத்தனை மாதங்களுக்குப் போதும்? அமெரிக்காவில் இதற்கெனத் தனிக் காப்புறுதியே உண்டு. இங்கு அவ்விடத்தை ஓரளவு நிரப்பக்கூடியது தனிநபர் விபத்துக் காப்புறுதியாகும்.

அதன் தொகையை மோட்டார் சைக்கிளின் விலையைக் கொண்டு தீர்மானிப்பது பெருந்தவறு. காலொடிந்து ஆறு மாதங்கள் வீட்டிலிருந்தால் இழக்கும் வருமானம், அடைக்கவேண்டிய கடன், நிரந்தர அங்கவீனமானால் பிள்ளைகள் தலையெடுக்கும்வரை வேண்டிய செலவு ஆகியவையே அளவுகோலாகும். மரணத்துக்கு மாத்திரமன்றி அங்கவீனத்துக்கும், பின்னிருக்கையில் செல்லும் மனைவிக்கும் இழப்பீடு உண்டா என்பதைக் கையொப்பமிடுமுன் கேட்டறிதல் வேண்டும்.