சக்கரக் குடத்துள் ஒரு மோட்டார்

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவே, ஆரக்கால்கள் எல்லாம் வந்து கூடும் உருண்டைக் கட்டையைக் குடம் என்பர். இக்காலத்து மின்சார சைக்கிள்கள் பலவற்றில் மோட்டார் அந்தக் குடத்துள்ளேயே அமைந்திருக்கிறது. அதனையே ஹப் மோட்டார் என்கிறோம். போடிநாயக்கனூர்த் தெருக்களில் தடையின்றி ஓடும் இவ்வண்டி, போடிமெட்டுச் சாலையில் ஏறியபின் துடித்துத் துடித்து நின்றுவிடுவது ஏன்? நின்றதை ஆராய்வது எவ்வாறு? இவ்விரண்டையும் மாணவர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் அமைப்பைக் காண்போம். இம்மோட்டாரின் அச்சு சுழல்வதில்லை. சைக்கிளின் சட்டத்தில் இறுகப் பிணைந்திருக்கிறது. அச்சைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்து சுழலும் வளையத்தின் உட்புறத்தில் நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டுள்ளன. காந்தங்கள் எங்கே நிற்கின்றன என்று தெரிந்தாலன்றோ எந்தச் சுருளுக்கு மின்சாரம் விடுவது என்பது தெரியும்? அதனை அறிவிப்பவை மூன்று ஹால் சென்சார்கள். 1879-ஆம் ஆண்டில் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டறிந்த விளைவே இவற்றுக்கு அடிப்படை. இவை தரும் செய்திப்படி மூன்று தடித்த கம்பிகளில் மின்சாரத்தை முறை மாற்றி அனுப்புவது கன்ட்ரோலர்.

இனி மலைக்கு வருவோம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். போடியிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். அந்த எடையை அவ்வுயரம் தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 270 வாட்-மணி ஆற்றல் வேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே 360 வாட்-மணிதான். ஏற்றத்தில் மோட்டார் மெதுவாகச் சுழலும், மின்னோட்டம் மிகும். மின்னோட்டம் இரு மடங்கானால் சுருளில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். மூடிய குடத்துள் காற்றோட்டமோ இல்லை. ஆகவே சென்சார்களும், சுருளின் காப்புப் பூச்சும் கெடுகின்றன. ஏலமலையின் மழையும் மூடுபனியும் ஈரத்தைச் சேர்க்கின்றன.

"மோட்டார் போய்விட்டது, புதிதாக மாற்று" என்று சொல்வது எளிது. ஆனால் கெட்டது மிளகளவே உள்ள ஒரு சென்சாராகவும் இருக்கலாம். கூலி வேலைக்குச் செல்பவர் வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆதலால் வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, இணைப்புகளையும் பிரேக் பிடியிலுள்ள சுவிட்சையும் பாருங்கள். அந்தச் சுவிட்சு சிக்கிக்கொண்டாலும் மோட்டார் ஓடாது.

இரண்டாவது, பாட்டரியைக் கழற்றுங்கள். மூன்று தடித்த கம்பிகளையும் பிரித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பல்சக்கரம் கொண்ட மோட்டாராயின் பின்னோக்கிச் சுற்றுக. முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே மோட்டார் சுழலாது. பிரித்த பின்னும் வலுவாகத் தடுத்தால் சுருளில் குறுக்கிணைப்பு உண்டு. இணைத்தபோது மட்டும் தடுத்தால் பழுது கன்ட்ரோலரில். அடுத்து, பிரித்த கம்பிகளை இரண்டிரண்டாக முனை சேர்த்துச் சுற்றுக. மூன்று முறையும் தடை சமமாக இருத்தல் வேண்டும். ஓர் இணையில் தடையே இல்லையெனில் அவ்வழியில் கம்பி அறுந்துள்ளது.

மூன்றாவது, சென்சார் சோதனை. சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, கம்பிகளை மீண்டும் இணைத்து, பாட்டரியை மாட்டுங்கள், ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். சென்சார்களின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டர் சுமார் 5 வோல்ட் காட்ட வேண்டும். சக்கரத்தை மெல்ல நகர்த்தும்போது மற்ற மூன்று கம்பிகளும் 0, 5 என மாறி மாறிக் காட்ட வேண்டும். எது மாறாமல் நிற்கிறதோ அதன் சென்சாரோ கம்பியோ கெட்டது.

மாற்றுவதற்கு மோட்டாரைத் திறக்கையில் மூடியில் அடையாளமிடுக. காந்த ஈர்ப்பு வலிது, விரல் அகப்படாமற் காத்துக்கொள்க. பழைய சென்சார் நோக்கியிருந்த திசையிலேயே புதியதைப் பற்றவைக்க வேண்டும். மூன்றையும் ஒருங்கே மாற்றுதல் நலம். இறுதியில் அச்சு நட்டையும் அதன் வாஷரையும் நன்கு முடுக்குக. நெகிழ்ந்தால் அச்சே சுழன்று கம்பிகளை அறுத்துவிடும். கம்பியைச் சற்றுத் தாழத் தொங்கவிட்டால் மழைநீர் உள்ளே செல்லாமல் சொட்டிவிடும். ஏற்றத்தில் காலாலும் மிதித்து உதவினால் வெப்பம் குறையும்.

ஒரு கணக்குத் தவறினால் நாம் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்தெறிவதில்லை. தவறிய வரியைத் தேடுகிறோம். இயந்திரத்துக்கும் அவ்வழியே பொருந்தும்.